338 கிலோமீட்டரும் ஐந்து நாட்களும்

சென்ற புரட்டாசி மாதத்தில் ஒரு நாள், சேலம் மாவட்டத்திலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் ஒப்பிட்டு முடித்துவிட்டுத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியபோது, கடைசியாக எழுதப்பட்டிருந்த தீர்மானம் நம் கவனத்தை ஈர்த்தது. தூத்துக்குடிக்கு அனுப்பும் சேலைகளையும் துண்டுகளையும் இனி ஆகாய விமானத்தில் அனுப்புவதென்றும், அதன்பொருட்டுச் சரக்கு ஏற்பாட்டாளர் ஒருவரிடம் 50,000 ரூபாய் முன்பணமாகக் கட்டுவதென்றும் நிர்வாகக் குழுவினர் ஏகமனதாக முடிவு செய்திருந்தனர். காசோலை எழுதப்பட்டுவிட்டது. காரியதரிசியின் கையொப்பமும் விழுந்துவிட்டது. தலைவர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றிருந்தமையால் இரண்டாவது கையொப்பம் மட்டும் பாக்கியிருந்தது.

தீர்மானத்தின் அடியில் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தார்கள். கணினியில் எடுத்த அச்சுப்படி அது. சேலம் விமான நிலையத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் 338 கிலோமீட்டர் என்றும், பறக்கும் நேரம் 55 நிமிஷம் என்றும் அதில் கண்டிருந்தது. ஏற்பாட்டாளர் இந்தத் தாளைக் காட்டியே பேசியிருக்கிறார். காலையில் சேலத்தில் ஏற்றும் சிப்பம் பகலுணவுக்கு முன்பாகத் தூத்துக்குடிக் கடையில் இருக்குமாம். அதே விமானம் திரும்பும்போது அப்பகுதியில் விடியற்காலையில் பறித்த மல்லிகை மொட்டுகள் அன்று மாலையே சேலத்துப் பூக்கடைகளுக்கு வந்துவிடுமாம். தெற்கேயுள்ள பூ விவசாயிகள் சங்கம் ஒன்றும் இதே ஏற்பாட்டில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள்.

இந்த முடிவுக்கு வந்தவர்களை நாம் குறை கூற மாட்டோம். அவர்களை இவ்வழியில் தள்ளிய காரணம் அலுவலகத்தின் மர அலமாரியிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. 2024ஆம் ஆண்டுத் தீபாவளிக்கென்று தூத்துக்குடி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்த சேலைகள், பண்டிகைக்கு இரண்டே நாள் இருக்கையில் போய்ச் சேர்ந்தன. பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவர் திருப்பிவிட்டார். தறியில் இருந்தவர்களுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. சேலை மட்டும் பணமாகவில்லை. தை மாதத்தில் நூல் வாங்கக் கையிருப்புப் போதாமல், சில அங்கத்தினர் வீடுகளில் தறி ஒன்பது நாள் பாவின்றி நின்றதைக் கூலிப் பட்டியல் காட்டியது. ஒன்பது நாள் தறி நின்ற வீட்டில் என்ன நடக்கும் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள இரண்டு எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம்.

தூரத்தைப் பற்றித் தகராறு இல்லை. பள்ளிக்கூடத்துப் பூகோளப் படம் ஒன்று இருந்தால் இதை எவரும் கணக்கிடலாம். சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் 11 பாகை 47 கலை வடக்கு அட்சரேகையில் உள்ளது. தூத்துக்குடி விமான நிலையம், திருநெல்வேலிச் சாலையிலுள்ள வாகைக்குளத்தில் 8 பாகை 43½ கலையில் உள்ளது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை. இரண்டுக்கும் வித்தியாசம் 3 பாகை 3½ கலை. நம் பிரதேசத்தில் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் ஏறத்தாழ 110½ கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 338 வருகிறது. கிழக்கு மேற்காக இரண்டு ஊர்களும் வெகுவாக விலகியிருந்தால் கணக்கு இவ்வளவு எளிதாக இராது. இவையோ ஒரே தீர்க்கரேகையை ஒட்டி, ஒன்றன் நேர் தெற்கே மற்றொன்றாக இருக்கின்றன. கிழக்கு மேற்கு விலகல் நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் இல்லை.

அந்தக் கோட்டைப் படத்தின்மேல் அடிக்கோல் வைத்து வரைந்தபோது, சங்கத்துப் பெரியவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். நாமக்கல்லுக்கு மேற்கே போகிறது, கரூரைத் தொடுகிறது, திண்டுக்கல்லுக்குக் கிழக்கே இறங்கி, மதுரைக்கு மேற்கே கடந்து, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் பக்கமாகப் போய் முடிகிறது. அத்தனையும் அவர்கள் அறிந்த ஊர்கள். கரூரில் போர்வையும் திரைச்சீலையும் நெய்கிறார்கள், திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியில் சுங்குடி, அருப்புக்கோட்டையில் சேலை. ஒரு முதியவர் கோட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஐயா, இது நம் லாரி போகிற பாதை அல்லவா?” என்று கேட்டார். ஆம், அதுவே. சேலத்திலிருந்து மதுரை வரையில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், அங்கிருந்து தூத்துக்குடிக்கு 38ஆம் எண் சாலையும் ஏறக்குறைய இந்தக் கோட்டைப் பின்தொடர்ந்தே செல்கின்றன. சாலைத் தூரம் சுமார் 380 கிலோமீட்டர். நேர்க்கோட்டைவிட நாற்பது கிலோமீட்டர்தான் அதிகம். மலையோ கடலோ ஏரியோ குறுக்கிட்டுச் சாலையைச் சுற்றவைக்கிற இடத்தில்தான் வான்வழியின் குறுக்கம் பெரிய இலாபமாக இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

அடுத்தது 55 நிமிஷம். இந்த எண்ணுக்குப் பின்னால் விமானம் ஒன்றும் இல்லை, ஒரு வகுத்தல் கணக்குத்தான் இருக்கிறது. பெரிய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் என்று வைத்து, 338ஐ அதனால் வகுத்தால் 25 நிமிஷம் வரும். ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரைமணி கூட்டினால் 55. உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தாலும் கணினி இவ்வாறே ஒரு விடையைச் சொல்லிவிடும். அவ்விரண்டுக்கும் இடையே விமானம் ஓடுகிறதா என்று அது கேட்பதில்லை. அந்த விமானம் அங்கே இறங்க முடியுமா என்றும் கேட்பதில்லை.

சேலத்து ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு காற்றாடிகள் சுழலும் ஏடிஆர் வகை விமானங்களே அங்கு வந்து போகின்றன. எழுபது, எண்பது பேருக்குள் ஏறக்கூடிய அவ்விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்லும். அந்த வேகத்தில் 338 கிலோமீட்டருக்கு நாற்பது நிமிஷம் ஆகும். ஆயினும் அது உச்ச வேகத்தில் பறப்பது பயணத்தின் நடுப்பகுதியில் மட்டும்தான். நிறுத்துமிடத்திலிருந்து ஊர்ந்து ஓடுபாதையின் கோடிக்குப் போக வேண்டும், உயரம் ஏறும்போது வேகம் குறைவு, இறங்கும்போதும் அப்படியே, காற்று எதிர்த்து வீசும் திசையில் இறங்குவதற்காகச் சுற்றி வர வேண்டியிருக்கும், இறங்கியபின் மறுபடியும் ஊர்தல். கால அட்டவணையில் போடப்படும் நேரம் இவை எல்லாவற்றையும் சேர்த்ததே. சேலத்திலிருந்து சென்னைக்கு நேர்த்தூரம் 265 கிலோமீட்டர். வகுத்தால் 32 நிமிஷம். அட்டவணையிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். குறுகிய தூரங்களில் இந்த ஊர்தலும் ஏறுதலும் இறங்குதலும் பறத்தலுக்குச் சமமாக நேரத்தைத் தின்றுவிடுகின்றன. தூரம் குறையக் குறைய விமானத்தின் மேன்மையும் குறைந்துகொண்டே வருவதற்கு இதுவே காரணம்.

இவ்வளவும் சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு நேர் விமானம் இருந்தால். அப்படி ஒரு சேவை இல்லை. ஆகாய மார்க்கமாகத்தான் போக வேண்டுமென்று ஒருவர் பிடிவாதம் செய்தால், சென்னை வழியாகச் செல்வதென்றால், வடகிழக்கே அங்கே போய் இறங்கி, வேறு விமானத்தில் ஏறித் தென்மேற்காகத் திரும்பி வர வேண்டும். சென்னைக்கு 265 கிலோமீட்டர், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு 527, கூடினால் 792. நேர் தெற்கே 338 கிலோமீட்டரில் இருக்கும் ஊரை அவ்வழியாக அடைய அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான தூரம் பறக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது பகுதிக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

அங்கேயே காகிதத்தில் எழுதிக் கூட்டினோம். நெசவாளர் கிராமத்திலிருந்து காமலாபுரத்துக்கு வண்டியில் ஒரு மணி. புறப்படும் நேரத்துக்கு முன்னதாகச் சென்று, சரக்கை எடை போட்டுச் சோதனைக்கு ஒப்படைக்க இரண்டு மணி. சென்னைக்கு ஒரு மணி. சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க, மிகவும் அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு மணி, இல்லையென்றால் அரை நாள். தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி. அங்கே சரக்கைப் பெற்றுக்கொண்டு நகரத்துக்குள் வர ஒரு மணி. எட்டரை மணி நேரம் ஆயிற்று. இரவில் புறப்படும் சரக்கு வண்டியும் சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரத்தில் போய்விடுகிறது. வண்டி தவறிவிட்டால் ஒரு மணி கழித்து வேறு வண்டி பிடிக்கலாம். சேலத்தில் விமானம் நாளைக்கு எண்ணி ஓரிரு தடவையே வருகிறது. அதைத் தவறவிட்டால் மறுநாள்தான். ரயிலும் ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மைசூரிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் விரைவு வண்டி இரவில் சேலத்தைத் தொட்டுக் கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக முற்பகலில் தூத்துக்குடி சேருகிறது.

சேவையின் நிரந்தரத்தையும் யோசிக்க வேண்டும். சேலம் விமான நிலையம் 1993இல் திறக்கப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் விமானமே வராத வருஷங்கள் உண்டு. சிற்றூர் விமான நிலையங்களை இணைக்கும் உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்குச் சேவை தொடங்கிற்று; 2021இல் நின்றது; 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. விமானம் வந்த வருஷத்திலும் வராத வருஷத்திலும் 338 கிலோமீட்டர் அப்படியேதான் இருந்தது. மறுமுனையில் நிலைமை இதைவிட நன்று. தூத்துக்குடியில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். புதிய முனையக் கட்டடமும் 2025 ஜூலை 26 அன்று திறந்து வைக்கப்பட்டது. பெரிய விமானங்கள் இறங்கும் வசதி அங்கே வந்துவிட்டது. அதனால் வாழை, பூ விவசாயிகளுக்கு வருங்காலத்தில் நன்மை கிட்டக்கூடும் என்று நாமும் நம்புகிறோம். ஆனால் இரண்டு ஊர்களுக்கு இடையே ஓடும் விமானம் இரண்டில் சிறிய ஓடுபாதைக்கு ஏற்றதாகத்தானே இருக்க முடியும்?

சரக்குக் கூலியைப் பற்றியும் அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. இதில் நெசவாளரும் விவசாயியும் ஒரே நிலையில் இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்லுகிறோம். விமானத்தில் இடமும் எடையும் இரண்டுமே அருமையானவை. ஆகையால் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுக்கிறார்கள். வரும் எண்ணையும், தராசில் நின்ற கிலோவையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கூலி வாங்குகிறார்கள். நெருக்கி அடுக்கிய சேலைகள் 50க்கு 40க்கு 30 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் 15 கிலோ இருக்கலாம். கணக்குப்படி அப்பெட்டிக்கு 10 கிலோதான் வருகிறது. எனவே தராசு காட்டும் 15 கிலோவுக்குக் கூலி. இது நியாயமே. மல்லிகையையோ நெருக்க முடியாது. பனிக்கட்டி வைத்து, மூச்சுவிட இடம் விட்டு, 60க்கு 40க்கு 40 தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் எடை 10 கிலோகூட இராது. கணக்கோ 16 கிலோ என்கிறது. விவசாயி பத்துக் கிலோ சரக்குக்குப் பதினாறு கிலோவின் கூலியைக் கொடுக்க வேண்டும். அன்றியும் ஏடிஆர் விமானத்தில் சரக்கு அறை மிகச் சிறியது. பயணிகளின் பெட்டிகள் ஏறிய பின்னரே மற்றவர் சரக்குக்கு இடம். இடமில்லை என்றால் பூ அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும். பூவால் காத்திருக்க முடியாது.

ஆகாயச் சரக்கே கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஆகாதது என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளலாகாது. திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். நேர் விமானம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பறந்து போய்விடுகிறது. நடுவே கடல். கப்பலில் பூவை அனுப்ப முடியாது. அங்கே நம் மல்லிகையையும் காய்கறியையும் நல்ல விலைக்கு வாங்குவதற்கு மக்கள் இருக்கிறார்கள். ஊர்தலுக்கும் ஏறுதலுக்கும் சோதனைக்கும் செலவாகும் மூன்று நான்கு மணி நேரம் அத்தனை நெடுந்தூரத்தில் ஒரு பொருட்டல்ல. சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே அப்படிப்பட்ட கடல் இல்லை; நல்ல சாலை இருக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த இளம் இயக்குநர் ஒருவர், தாளைக் கொண்டுவந்தவர் அவர்தாம், முகம் வாடிப்போய், “அப்படியானால் சென்ற வருஷம் ஐந்து நாள் ஆனதற்கு என்ன காரணம் ஐயா? சாலை நல்ல சாலை என்கிறீர்கள், லாரி எட்டு மணி நேரம் என்கிறீர்கள். நமது சிப்பம் ஏன் அப்படிப் போகவில்லை?” என்று கேட்டார். அன்று எழுந்த கேள்விகளில் மிகவும் சரியான கேள்வி இதுவே. நாம் அதுவரையில் விமானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அனுப்புதல் பதிவேட்டையும் லாரி ரசீதுகளையும் எடுத்து வரச் சொன்னோம். 2024 அக்டோபர் 24, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சிப்பம் கட்டியாயிற்று. பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் அன்று வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் கையெழுத்தாகிச் சேலம் பார்சல் அலுவலகத்துக்குப் போயிற்று. வண்டி நிரம்பவில்லை என்று சனிக்கிழமை முழுவதும் கிட்டங்கியில் கிடந்தது. அன்றிரவு மதுரைக்குப் புறப்பட்டு விடிவதற்குள் சேர்ந்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மதுரைக் கிட்டங்கியில் ஆள் இல்லை. திங்களன்று வேறு வண்டிக்கு மாற்றி, இரவில் தூத்துக்குடி சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்காரர் ஆளனுப்பி எடுத்துக்கொண்டார். வியாழன் மறுபடி தீபாவளி.

கட்டிய நேரத்திலிருந்து கடைக்குப் போனது வரையில் 120 மணி நேரம். அதில் சக்கரம் உருண்டது சேலம் மதுரைக்கு இடையே ஐந்து மணி, மதுரை தூத்துக்குடிக்கு இடையே மூன்று மணி, உள்ளூரில் ஒரு மணி, ஆக ஒன்பது. மற்ற 111 மணி நேரமும் சிப்பம் ஓரிடத்தில் கிடந்தது. அதில் முதல் ஒன்றேகால் நாள் நமது சங்க அலுவலகத்திலேயே கிடந்தது. கணினித் தாளில் கண்டபடி 55 நிமிஷத்தில் பறக்கும் விமானம் ஒன்றை யாரேனும் இனாமாகக் கொடுத்திருந்தாலும், 120 மணி நேரத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகியிராது. கையெழுத்துக்குக் காத்திருந்த சிப்பம் காமலாபுரத்துக்கு மட்டும் எப்படி உரிய நேரத்தில் போயிருக்கும்?

அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு காரியதரிசி, அந்த வியாழக்கிழமை தாம் மருத்துவமனைக்குப் போயிருந்ததாகவும், தாம் இல்லாதபோது கையெழுத்திட வேறு ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் இரண்டு வருஷமாகப் பொருள் பட்டியலில் வந்து வந்து ஒத்திவைக்கப்படுவதாகவும் சொன்னார். புத்தகத்தைப் பார்த்தோம். உண்மைதான். இதற்காக அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை.

முன்பணம் கட்டுவது அல்லது கட்டாமலிருப்பது நிர்வாகக் குழுவின் உரிமை. ஆய்வாளர் அதில் ஆணையிட முடியாது. நம் பார்வைக் குறிப்பில், எந்த விமானம், எந்த நாட்களில், எத்தனை கிலோவுக்கு இடம் என்பது எழுத்தில் இல்லாமல் சங்கத்தின் பணத்தைக் கொடுப்பது முறையாகாது என்று மட்டும் எழுதினோம். அன்று மாலையில் திருமணத்திலிருந்து திரும்பிய தலைவர் அதைப் படித்துவிட்டு, ஏற்பாட்டாளருக்குத் தாமே தொலைபேசினார். “எந்த விமானத்தில் அனுப்புவீர்கள்?” என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் 338 என்றும் 55 என்றும்தான் பதில் வந்தது. காசோலையின் குறுக்கே கோடு கிழிக்கப்பட்டது.

தெற்கேயுள்ள பூ விவசாயிகள் சங்கத்துக்கு அடுத்து தொலைபேசினோம். அதன் காரியதரிசி நம் பேச்சைக் கடைசி வரையில் கேட்டுவிட்டு, “நாங்கள் கட்டிவிட்டோம் அண்ணாச்சி” என்றார். முழுத் தொகை இல்லை, 25,000 ரூபாய்.

இரண்டு சங்கத்தாரும் பேசி, விமானத்துக்குப் பதிலாக ஒரு சரக்கு வேனைக் கூட்டாக வாடகைக்கு அமர்த்திப் பார்ப்பதென்று தீர்மானித்தார்கள். போகும்போது ஜவுளி, வரும்போது பூ. வாடகை இருவருக்கும் பாதி. 2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சேலத்துச் சங்க வாசலிலிருந்து வேன் புறப்பட்டது. பட்டியல் முந்தின நாளே கையெழுத்தாகியிருந்தது. இடைவழியில் எங்கும் சரக்கை இறக்கி மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்றரை மணிக்குத் தூத்துக்குடிக்குள் நுழைந்துவிட்டதாக ஓட்டுநர் சொன்னார். கடைக்காரருக்கு முன்கூட்டியே செய்தி சொல்லியிருந்தபடியால், ஒன்பது மணிக்குக் கடை திறந்தபோது சிப்பங்கள் வாசலில் இருந்தன. பதினைந்து மணி நேரம். தீபாவளிக்குப் பத்து நாட்கள் இருந்தன. இரண்டாம் தடவையும் சரக்குக் கேட்டு அவர் எழுதினார்.

பூவின் காரியம் அவ்வாறு நல்லபடியாக முடியவில்லை. ஓட்டுநர் சற்று உறங்கி எழுந்து, விடியலில் பறித்த மொட்டுகளை ஏற்றிக்கொண்டு காலை எட்டு மணிக்குப் புறப்பட்டார். பகல் வெயிலில் ஒன்பது மணி நேரம். சேலத்துக்கு வந்தபோது மாலை ஐந்து; பெட்டியைத் திறந்தால் மேலடுக்கில் பாதி மொட்டு வாய் திறந்துவிட்டது. கடைக்காரர்கள் மாலை வியாபாரத்துக்கு வேண்டியதை முன்பே வாங்கிவிட்டிருந்தார்கள். பெற்ற விலை பறிப்புக் கூலிக்கும் பெட்டிக்கும் சரியாயிற்று. மல்லிகைக்கு மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைதான் எட்டும் தூரம் என்பது அவ்விவசாயிகளின் பழைய அனுபவம். அதை மாற்றிவிடலாம் என்று நாமும் ஒரு நாள் எண்ணியது பிழையே. அடுத்த வாரம் வேன் திரும்பும்போது வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றி வந்தார்கள். அவை வெயிலைப் பொறுத்துக்கொண்டன. வாழை பயிரிடாத பூ விவசாயிகளுக்கு அதனால் என்ன பயன் என்று அச்சங்கத்தின் மகாசபையில் ஒருவர் கேட்டாராம். அவருக்குச் சொல்லத்தக்க விடை நம்மிடமும் இன்னும் இல்லை.

சேலத்துச் சங்கத்தில் அனுப்புதல் பதிவேட்டில் புதிதாக மூன்று பத்திகள் கோடு போட்டிருக்கிறார்கள்: கட்டிய நேரம், வாசலை விட்ட நேரம், கடையில் சேர்ந்த நேரம். காரியதரிசி இல்லாத நாளில் கையெழுத்திடத் துணைத் தலைவருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானமும் நிறைவேறிவிட்டது. தாளைக் கொண்டுவந்த இளம் இயக்குநரே அப்பத்திகளை நாள் தவறாமல் நிரப்பி வருகிறார்.

பூ விவசாயிகள் கட்டிய 25,000 ரூபாயில் இதை எழுதும் நாள் வரையில் ஒரு ரூபாயும் திரும்பி வரவில்லை. ஏற்பாட்டாளர் கொடுத்த ரசீதில் முகவரி இல்லை. ஒரு தொலைபேசி எண் மட்டும் இருக்கிறது, அதுவும் இப்போது எடுக்கப்படுவதில்லை. ரசீதின் நகலையும் அந்தத் தாளையும் சேர்த்து அவ்வட்டாரத்து ஆய்வாளருக்கு நாம் அனுப்பியிருக்கிறோம். வேறு சங்கத்தார் யாரிடமேனும் இதே தாள் காட்டப்பட்டிருக்குமானால், தங்கள் ஆய்வாளருக்கு உடனே தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளுகிறோம்.